பட்டமும் வசையும்
கலீசியா என்னும் நாட்டுப் பெயரின் வரலாறு

ஊருக்கும் நாட்டுக்கும் பெயரிடும் உரிமை பெரும்பாலும் ஆள்வோர் கையிலேயே இருந்து வந்துள்ளது. ஆளப்படுவோர் கையில் எஞ்சியிருப்பது அப்பெயரைத் திரித்து வழங்கும் உரிமை ஒன்றே. அவ்வுரிமையை எந்தச் சட்டத்தாலும் முற்றாகப் பறித்தல் இயலாது. வாயில் நுழையும் ஒரு சொல்லைச் சிறிது மாற்றி உச்சரித்தவனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் ஆள்வோனே நகைப்புக்கிடமாவான். 1930களின் தொடக்கத்தில், ஐக்கிய அமெரிக்காவில் வேலையும் வீடும் இழந்தோர் தகரத்தாலும் பழம் பலகையாலும் அமைத்துக்கொண்ட குடிசைத் தொகுதிகளுக்கு, அந்நாளைய சனாதிபதி ஹூவரின் பெயரால் ‘ஹூவர்வில்’ என்று பெயர் வழங்கிற்று. அவ்வசை ஒரு மனிதனையும் ஓர் ஆட்சிக் காலத்தையும் பற்றியது. அக்குடிசைகள் மறைந்ததும் பெயரும் நூல்களுள் ஒதுங்கிற்று. ஆனால் ஒரு நாடு முழுவதுமே, அரசாங்கம் இட்ட பட்டப்பெயர் ஒன்றும் குடிகள் இட்ட வசைப்பெயர் ஒன்றுமாக இரு பெயர்களோடு வாழ்ந்த வரலாறும் உண்டு. அது மத்திய ஐரோப்பாவில், ஹாப்ஸ்பர்க் பேரரசின் வடகிழக்கு ஓரத்தில், 1772ஆம் ஆண்டு முதல் 1918ஆம் ஆண்டு வரை இருந்த கலீசிய நாட்டின் வரலாறாகும்.

1772ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ருஷியா, பிரஷியா, ஒஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் தம்முட் செய்துகொண்ட உடன்படிக்கையாற் போலந்து முதன்முறையாகப் பங்கிடப்பட்டது. எரிகிற வீட்டிற் பிடுங்கியது இலாபம் என்னும் கொள்கையே மூவர்க்கும் பொதுவாயிருந்தது. எனினும், ஒஸ்திரியாவை ஆண்ட மரியா திரேசாவுக்கு இச்செயல் மனச்சான்றை உறுத்திற்று. அவர் அழுதார், ஆயினும் எடுத்துக்கொண்டார் எனப் பிரஷிய மன்னர் இரண்டாம் பிரெடரிக் எள்ளியதாகக் கூறுவர். அழுதவர் எடுத்த பங்கு சிறிதன்று. ஏறக்குறைய 80,000 சதுர கிலோமீட்டர் பரப்பும், இருபத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களும், அரச வருவாய்க்குப் பேரூற்றாக விளங்கிய வியலிச்கா உப்புச் சுரங்கங்களும் வியன்னாவின் ஆட்சிக்குட் புகுந்தன.

உறுத்தும் மனச்சான்றுக்கு ஆறுதல் தேடவேண்டிய பொறுப்பு முதலமைச்சர் கவுனிற்ஸ் கோமகனுக்கும் அவருடைய அலுவலருக்கும் உரியதாயிற்று. அவர்கள் பழைய ஆவணங்களைப் புரட்டிக் கண்டெடுத்த மருந்து ஒரு பட்டப்பெயர்.

தினீஸ்தர் ஆற்றங்கரையில் ஹாலிச் என்றொரு நகர் உண்டு. அதற்கு வடக்கே வொலீனியாவில் வொலொடிமிர் என்றொரு நகர் உண்டு. இவ்விரு நகரங்களையும் தலைமையாகக் கொண்ட நாடுகளை 1199ஆம் ஆண்டில் உரோமான் என்னும் உருத்தேனிய இளவரசன் ஒன்றுபடுத்தினான். 1205இல் அவன் இறந்ததும், அண்டை நாடாகிய ஹங்கேரியின் மன்னன் இரண்டாம் அன்டிரூ அங்குத் தலையிட்டு, தன் விருதுகளோடு ‘கலீசியாவினதும் லொடொமேரியாவினதும் அரசன்’ என்பதையும் சேர்த்துக்கொண்டான். ஹாலிச்சும் வொலொடிமிரும் இலத்தீன் எழுத்தர் கையில் இவ்வாறு உருமாறின. நாடு அவன் கையில் நிலைக்கவில்லை. உரோமானின் மைந்தன் தானிலோ அதனை மீட்டு 1253இல் முடியும் சூடினான். அடுத்த நூற்றாண்டில் ஹாலிச் போலந்து மன்னர் வசமாயிற்று. வொலொடிமிர் முதலில் லிதுவேனியாவோடும், 1569இலிருந்து போலந்தோடும் சேர்ந்தது. ஆயினும் ஹங்கேரி மன்னரின் விருதுப் பட்டியலில் அவ்விரு சொற்களும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தூசி படிந்து கிடந்தன. மரியா திரேசா ஹங்கேரிக்கும் அரசியாவார். ஆகவே 1772இல் நிகழ்ந்தது கொள்ளையன்று, முன்னோர் உரிமையின் மீட்பு என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. புதிய மாநிலம் ‘கலீசிய லொடொமேரிய இராச்சியம்’ எனப் பெயர் பெற்றது.

இக்கற்பனையின் நுட்பத்தைக் காட்டிலும் அதன் ஓட்டைகளே பெரியன. ஒஸ்திரியா கைப்பற்றிய நிலத்தின் மேற்குப் பாதி, தார்னோவ் முதலிய ஊர்களை உள்ளடக்கிய பகுதி, பழைய ஹாலிச் அரசோடு ஒருகாலும் சேர்ந்திருந்ததில்லை. அது போலந்து அரசின் தாயகமாகிய ‘சிறு போலந்து’ நாட்டின் துண்டு. அதனினும் வியப்புக்குரியது, லொடொமேரியா என்னும் பெயருக்குக் காரணமான வொலொடிமிர் நகர் அவ்விராச்சியத்தின் எல்லைக்குள் ஒருநாளேனும் இருந்ததில்லை என்பதாகும். 1795ஆம் ஆண்டின் மூன்றாம் பிரிவினையில் அது ருஷியாவுக்குப் போயிற்று. தலையில்லாத உடலுக்குத் தலைப்பாகை மட்டும் எஞ்சியது போல, லொடொமேரியாவே இல்லாத லொடொமேரிய இராச்சியம் 146 ஆண்டுகள் ஆவணங்களில் அரசு செலுத்திற்று. ஹங்கேரியின் பெயராலேயே உரிமை கோரப்பட்டமையால், நாட்டைத் தமக்கே தருமாறு ஹங்கேரியர் கேட்டனர். வியன்னா அதற்குச் செவிசாய்க்கவில்லை. உரிமைப் பத்திரம் ஒருவருடையது, நிலம் மற்றொருவருக்கு என்பது அத்தீர்ப்பு.

காலப்போக்கிற் பட்டம் மேலும் நீண்டது. 1846இல் கிராக்கோ நகர் சேர்க்கப்பட்ட பின்னர், ‘கலீசிய லொடொமேரிய இராச்சியமும், கிராக்கோப் பெருங்கோமகன் நாடும், அவுஷ்விற்ஸ், சாத்தோர் ஆகிய கோமகன் நாடுகளும்’ என்பது முழுப் பெயராயிற்று. அவுஷ்விற்ஸ் என்னும் பெயரைக் கேட்பவர் நெஞ்சில் இன்று எழுவது வேறு நினைவு. அன்றோ அது அரச முத்திரைகளை அலங்கரித்த பல பெயர்களுள் ஒன்றாயிருந்தது.

இத்துணைப் பெரிய பட்டத்துக்குப் போலிஷ் மொழி பேசுவோர் அளித்த விடை இரண்டு மூன்று எழுத்துகளில் முடிந்துவிட்டது. போலிஷ் மொழியில் ‘கோலி’ என்பது ஆடையற்றவன், கையிற் காசற்றவன் என்னும் இருபொருளும் தரும். ‘குளோத்’ என்பது பசி. கலீசியாவின் முதலெழுத்தைத் தொடர்ந்த உயிரொன்றைத் திருப்பினாற் ‘கொலீசியா’ ஆகும். லொடொமேரியாவின் முன்னே ஒரு மெய்யைச் சேர்த்தாற் ‘குளொடொமேரியா’ ஆகும். கலீசிய லொடொமேரிய இராச்சியம் வெறுமேனிக்கும் வெறுவயிற்றுக்கும் உரிய இராச்சியமாக மாறிவிட்டது. காளமேகப்புலவரின் சிலேடையையும் வசையையும் சுவைத்துப் பழகிய தமிழ் வாசகர்க்கு இதன் வேலைப்பாட்டை விரித்துரைத்தல் வேண்டா. சிலேடையின் வலிமை அது புறத்தேயிருந்து ஒன்றையும் கொண்டு வராமையிற் றங்கியுள்ளது. பகைவன் பட்டத்துக்குள்ளேயே அவன் குற்றம் ஒளிந்திருந்ததாகவும், எழுத்தைச் சற்றுத் தட்டியதும் அது தானே வெளிப்பட்டதாகவும் கேட்போர்க்குத் தோன்றுகிறது.

இவ்வசை எழுந்தமைக்குப் பெயரின் பொய்ம்மையும் ஒரு காரணம் என்றே கொள்ளவேண்டும். போலந்தின் ஏனைய துண்டுகளிலும் வசைப்பெயர்கள் வழங்கின. 1815ஆம் ஆண்டு வியன்னா மாநாடு (கொங்கிரஸ்) ருஷியப் பேரரசனைத் தலைவனாக வைத்துப் படைத்த ‘போலந்து இராச்சியம்’ என்னும் குறைநாட்டைப் போலந்து மக்கள் ‘கொங்கிரெசுவ்கா’ என்று இகழ்ச்சிக் குறிப்போடு அழைத்தனர். மாநாட்டிற் பிறந்த பிள்ளைக்கு மாநாட்டின் பெயர். 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட பின்னர் ருஷிய அரசாங்கம் போலந்து என்னும் சொல்லையே தவிர்த்து, அதனை ‘விஸ்துலா ஆற்றுப் பிரதேசம்’ என்று எழுதத் தலைப்பட்டது. ஆனால் அங்கெல்லாம் பறிக்கப்பட்டது போலந்து என்னும் பெயர் என்பது எவருக்கும் தெளிவு. கலீசியாவில் நடந்தது வேறு. அங்குப் பழைய பெயர் பறிக்கப்பட்டதோடு, அவ்விடத்தில் எவரும் அறியாத ஒரு புதுப் பெயர், பழம்பெயர் என்னும் வேடத்தோடு புகுத்தப்பட்டது. தார்னோவில் வாழ்ந்த போலந்துப் பிரபு ஒருவர் ஒரு பகலுக்கும் ஓர் இரவுக்கும் இடையிற் ‘கலீசியர்’ ஆனார். நகைக்காமல் அவர் வேறு என் செய்வார்!

ஆயின் வெறுமேனியும் பசியும் யாருடையவை? வரலாற்றாசிரியன் இச்சிரிப்போடு சேர்ந்து சிரித்துவிட்டு அப்பாற் செல்ல முடியாதபடி வழிமறிக்கும் கேள்வி இதுவே.

போலந்து நாட்டில் நிலமில்லாத உயர்குடியினரை வெறுமேனியர் என்னும் பொருள்பட ‘கோலோத்தா’ என்றழைக்கும் வழக்கு முன்பே இருந்தது. வசைப்பெயரின் முற்பாதியாகிய கொலீசியாவிற் கேட்பது, பட்டமும் பெருமையும் இருந்தும் கைப்பொருளும் அரசும் இழந்த பிரபுக்களின் குறையென்று கொண்டாற் பெரிதும் தவறாகாது. பிற்பாதியாகிய குளொடொமேரியா அவர்களுடையதன்று. பசித்தவன் குடியானவன். அவன் வாரத்திற் பல நாட்கள் பிரபுவின் வயலிற் கூலியின்றி உழைத்தான். மதுவை வடிக்கும் உரிமையும் விற்கும் உரிமையும் பிரபுவினுடையவாதலால், தன் துயரை மறக்கக் குடித்த கள்ளுக்கும் பிரபுவுக்கே பணம் செலுத்தினான். இவ்வாறு இருவேறு வயிறுகளின் முறைப்பாடு ஒரே சிலேடையில் இணைக்கப்பட்டது. இணைத்தவர்கள் படித்தவர்கள், அதாவது பெரும்பாலும் பிரபுக்களின் மைந்தர்கள்.

அவ்விணைப்பு எத்துணை மெல்லியது என்பதை 1846ஆம் ஆண்டு காட்டிற்று. அவ்வாண்டு பெப்ருவரி மாதத்தில், போலந்தை மீட்கும் நோக்கோடு கிராக்கோவிலும் கலீசியாவிலும் ஒருங்கே கிளர்ச்சி செய்யத் திட்டமிடப்பட்டது. பண்ணையடிமை முறையை ஒழிப்பதாகவும் உழுபவர்க்கு நிலம் தருவதாகவும் கிளர்ச்சியாளர் அறிக்கை விட்டனர். அவ்வாக்குறுதியைக் கூறியவர் பிரபுக்கள். கேட்டவர் அப்பிரபுக்களின் சாட்டையடிக்குப் பழகியவர். குடியானவர் அரிவாளும் கோடரியும் ஏந்தித் திரண்டது உண்மை. ஆனால் அவர்கள் சென்றது வியன்னாவின் அலுவலரை எதிர்த்தன்று, பிரபுக்களின் மாளிகைகளை நோக்கியே. தார்னோவையும் அதனைச் சூழ்ந்த மாவட்டங்களையும் சேர்ந்த ஏறக்குறைய ஐந்நூறு மாளிகைகள் சூறையாடப்பட்டன; ஆயிரம்பேர் வரையிற் கொல்லப்பட்டனர். அவர்களுட் பிரபுக்களும் அவர்தம் காரியத்தரும் அடங்குவர். தார்னோவின் ஒஸ்திரிய அலுவலர் தலைக்கு இவ்வளவு எனப் பணம் கொடுத்தார் என்னும் பேச்சு அக்காலத்திலேயே எங்கும் பரவியது. கொலைஞர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய யாக்கூப் ஷேலா என்னும் குடியானவன், பின்னர் புக்கோவினாவுக்கு அனுப்பப்பட்டு அங்கு நிலமும் பெற்றான்.

ஒஸ்திரிய அரசின் சூழ்ச்சியே இவ்வழிவுக்குக் காரணம் என்று போலந்து நாட்டுப்பற்றாளர் நெடுங்காலம் கூறிவந்தனர். அதில் உண்மை இல்லாமற் போகவில்லை. எனினும் நெருப்பை ஊதியவன் ஒருவன் என்றால், விறகை அடுக்கி வைத்தவர் வேறொருவர். பேரரசன் நல்லவன், இடையிலுள்ள பிரபுவே தீயவன் என்பது குடியானவனின் அரசியற் கோட்பாடு. 1848இற் பண்ணையடிமை முறை ஒழிக்கப்பட்டபோது, அதனைப் பேரரசனின் கொடையென்றே அவன் ஏற்றுக்கொண்டான். தன்னை அவன் ‘பேரரசனின் ஆள்’ என்றான். ‘போலந்துக்காரன்’ என்பது அவனுக்குப் பிரபுவைக் குறிக்கும் சொல்லாயிருந்தது. விஸ்துலாக் கரையிலுள்ள ஜிக்கோவ் கிராமத்தின் தலைவராயிருந்த யான் சுவொம்கா என்னும் குடியானவர், 1912இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில், நூல்களும் செய்தித்தாள்களும் படிக்கத் தொடங்கும்வரை தாம் போலந்து இனத்தவர் என்பதே தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்றும், ஊரார் தம்மை ‘மசூர்’ என்றே கூறிக்கொண்டனர் என்றும் பதிவு செய்துள்ளார். ஆகவே நாட்டின் பெயரால் எழுந்த வசையிற் பசித்தவனின் வயிறு இடம்பெற்றது; பசித்தவன் இடம்பெறவில்லை.

ஷேலாவின் நினைவு கலீசியரை விட்டு அகலவில்லை. கிராக்கோவைச் சேர்ந்த கவிஞர் ஒருவர் 1900இல் அயற் கிராமத்துக் குடியானவப் பெண்ணை மணந்த நிகழ்ச்சியை வைத்து, ஸ்தனிஸ்லாவ் விஸ்பியான்ஸ்கி 1901இல் ‘திருமணம்’ என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். படித்தோரும் உழவரும் ஒன்றுகூடிய அம்மணவீட்டிற்கு ஷேலாவின் ஆவியும் குருதிக் கறையோடு வந்து சேருகிறது. அரை நூற்றாண்டுக்கு முன் நடந்த கொலை மணப்பந்தலில் விருந்தாளியாய் வந்து நிற்பதைக் கண்ட சபையோர்க்கு விளக்கம் எதுவும் தேவைப்பட்டிராது.

வசைப்பெயரின் குறியிலக்கு 1860களிற் சத்தமின்றி மாறிற்று. போர்களிற் றோல்வியுற்று வலிகுன்றிய ஒஸ்திரியா, 1867இல் ஹங்கேரியோடு ஆட்சியைப் பங்கிட்டுக்கொண்டது. கலீசியாவின் பிரபுக்களுக்கும் தன்னாட்சி உரிமைகளை விட்டுக் கொடுத்தது. லெம்பர்க் நகரில் மாநிலச் சபை கூடிற்று. 1869இலிருந்து போலிஷ் மொழி அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் வழங்கிற்று. அதே ஆண்டிற் கிராக்கோவின் பழைமைபேணும் அரசியலாளர் சிலர், 16ஆம் நூற்றாண்டு அரசவை விகடகவியாகிய ஸ்தாஞ்சிக்கின் பெயராற் கிளர்ச்சிக் கனவுகளை எள்ளிக் கட்டுரைகள் வெளியிட்டனர். அப்பெயரே அவர்கள் கட்சிக்கும் பெயராயிற்று. அரசியற் கட்சியொன்று விகடகவியின் பெயரால் அறியப்பட்டமை அந்நாட்டின் இயல்புக்கு ஏற்றதே. ஆனால் ஆட்சி இப்போது போலந்துப் பிரபுக்களின் கையில். கலீசியா வெறுமேனியோடும் வெறுவயிற்றோடும் கிடக்கிறது என்று எவரேனும் கூறினால், அச்சொல் வியன்னாவின் மேல் மட்டும் பாயாது. அந்நியனுக்கு எதிராகக் கூர்தீட்டிய அம்பு, எய்தவர் வீட்டு முற்றத்தில் வந்து விழுந்தது.

அவ்வம்பை எடுத்து எண்கணக்கோடு எய்தவர் ஸ்தனிஸ்லாவ் ஷ்செப்பனொவ்ஸ்கி என்னும் பொறியியலாளர். அவர் இலண்டனில் இந்தியா அலுவலகத்திற் பணியாற்றியவர். இந்தியாவின் விளைபொருள், வாணிகம் பற்றிய கணக்குகளோடு பழகியவர். ஒரு நாட்டின் வறுமையை அளந்து பார்க்கும் வித்தையை அவர் அங்குக் கற்றார் என்பதிற் கீழைநாட்டவர்க்கு ஒரு தனிச் சுவை உண்டு. 1879இற் கலீசியாவுக்கு வந்து எண்ணெய்க் கிணறுகள் தோண்டினார். பின்னர் வியன்னாப் பாராளுமன்றத்திலும் உறுப்பினரானார். 1888இல் அவர் வெளியிட்ட ‘எண்களிற் கலீசியாவின் வறுமை’ என்னும் நூல், அதுவரை நகைச்சுவையாக வழங்கியதைப் புள்ளிவிவரமாக மாற்றிற்று. ஒரு சராசரிக் கலீசியன் அரை மனிதனுக்குரிய உணவை உண்டு கால் மனிதனுக்குரிய வேலையைச் செய்கிறான் என்பது அவர் கணிப்பு. ஆண்டுதோறும் ஏறக்குறைய 50,000 பேர் பசியாலும் அதன் விளைவாலும் மடிகின்றனர் என்றும் அவர் கணக்கிட்டார். அவ்வெண்கள் மிகையென இன்று கருதுவோர் உளர். ஒப்பீட்டு முறையிற் குறைகளும் உண்டு. ஆனால் ‘கலீசிய வறுமை’ என்பது போலிஷ் மொழியில் ஒரு மரபுத்தொடராக நிலைத்தமைக்கு அந்நூலே பெருங்காரணம். பழியை அவர் வியன்னாவோடு நிறுத்தவில்லை. நாட்டை நடத்திய வகுப்பாரின் சோம்பலையும் ஆடம்பரத்தையும் சேர்த்தே கண்டித்தார். பிரபுக்கள் சபை இதனை விரும்பியிராது.

நிலத்தின் நிலை அவருக்குச் சான்றாய் நின்றது. தந்தையின் காணி பிள்ளைகளுக்குப் பங்கிடப்பட்டுப் பங்கிடப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குக் காணிகள் ஐந்து ஹெக்டேயருக்குக் குறைந்த துண்டுகளாயின. காட்டையும் மேய்ச்சல் நிலத்தையும் பயன்படுத்தும் வழமை உரிமை பெரும்பாலும் பிரபுக்களிடமே தங்கிவிட்டது. இவ்வறுமையின் நடுவே மண்ணுக்கடியில் வேறொரு செல்வம் ஓடிற்று. 1909ஆம் ஆண்டில் பொரிஸ்லாவ் முதலிய இடங்களிற் கிடைத்த எண்ணெய் இருபது இலட்சம் தொன்னைத் தாண்டியது. உலக உற்பத்தியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கான அது, ஐக்கிய அமெரிக்காவுக்கும் ருஷியாவுக்கும் அடுத்த நிலையில் வைத்து எண்ணப்பட்டது. கிணற்றில் இறங்கிய உழவனின் வயிறு அதனால் நிறையவில்லை. 1890கள் முதல் முதலாம் உலகப் போர் வரை, பல இலட்சம் மக்கள் கப்பலேறி அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் சென்றனர். அங்கும் பெயர் அவர்களைத் தொடர்ந்தது. கனடாவின் மேற்குப் புல்வெளிகளிற் குடியேறியோரை அந்நாட்டார் ‘கலீசியர்’ என்றே ஏளனமாகச் சுட்டினர். வசை நீக்கிய அசல் பட்டமே அங்கு வசையாயிற்று.

மேற்கிலிருந்து வந்த இவ்வேளனம் தனி வகையைச் சேர்ந்தது. கலீசியாவில் 1848இற் பிறந்த யூத எழுத்தாளர் கார்ல் எமில் பிரான்சோஸ், ஜெர்மன் மொழியில் எழுதிய தம் நூலுக்கு 1876இல் ‘அரை ஆசியாவிலிருந்து’ என்று பெயரிட்டார். கலீசியாவும் புக்கோவினாவும் அதற்கப்பாலுள்ள நாடுகளும் ஐரோப்பிய நாகரிகத்தை எட்டாதவை என்பது அதன் கருத்து. ஆசியா என்பதே இழிவுக்கு அளவுகோல் என அப்பெயர் எடுத்துக்கொள்வதை ஆசியாவில் வாழ்வோர் கவனிக்காமல் இரார். கொலீசியா என்பது உள்ளிருந்தவன் தன் நாட்டைக் கண்டு சொன்னது. அரை ஆசியா என்பது உள்ளே பிறந்து வெளியே போனவன் திரும்பிப் பார்த்துச் சொன்னது. முன்னதில் அவமானத்தோடு உரிமையும் கலந்திருக்கிறது. பின்னதில் விலகல் மட்டுமே உண்டு.

பேரரசின் தலையும் இவ்வசைக்குத் தப்பவில்லை. 1867க்குப் பின் அதன் மேற்குப் பாதிக்குச் சட்டப்படி ஒரு பெயரே இல்லாமற் போயிற்று. ‘பேரவையிற் பிரதிநிதித்துவம் பெற்ற இராச்சியங்களும் நாடுகளும்’ என்பதே ஆவணங்கள் வழங்கிய பெயர். அரச அலுவலகங்கள் அனைத்தின் மேலும் ‘பேரரசுக்கும் அரசுக்கும் உரிய’ என்பதைக் குறிக்கும் இரு ‘க’கர எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்வெழுத்துகளைக் கொண்டே ரொபேட் மூசில், 1930இல் முதற்பாகம் வெளிவந்த தம் நாவலில், அந்நாட்டைக் ‘காக்கானியா’ என்றழைத்தார். ஜெர்மன் குழந்தைகள் மலத்துக்கு வழங்கும் சொல் அதனுள் ஒலிக்கிறது. தமிழ்க் குழந்தைகளுக்கும் அவ்வொலி அந்நியமன்று. ஆனால் மூசில் எழுதியபோது அப்பேரரசு இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. இறந்தவனை எள்ளுவதில் ஓர் இரக்கமும் கலந்துவிடுகிறது.

இதுகாறும் கூறியவற்றில் ஓர் இனத்தவரின் குரல் ஒலிக்கவில்லை. 1910ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி கலீசியாவின் மக்கள் ஏறக்குறைய 80 இலட்சம். அவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேர் உருத்தேனிய மொழியைத் தம் மொழியாகப் பதிந்தனர். பின்னர் உக்ரேனியர் என்று தம்மை வழங்கியவர் இவர்களே. நாட்டின் கிழக்குப் பாதியிற் பெரும்பான்மையினர் இவர்கள். போலந்துப் பிரபுக்களுக்கு நகைப்பாய்த் தோன்றிய கலீசியா என்னும் பெயர் இவர்களுக்குப் பொய்ப்பெயரன்று. ஹாலிச் இவர்களுடைய நகர். உரோமானும் தானிலோவும் இவர்களுடைய மன்னர். இலத்தீன் வேடத்தை நீக்கினால் அது ‘ஹாலிச்சினா’ என்னும் தாய்நாட்டுப் பெயரே. வியன்னா அலுவலர் தம் வசதிக்காகத் தூசிதட்டி எடுத்த பட்டம், தாம் அறியாமலே ஓர் இனத்தின் பழம்பத்திரத்தை எடுத்து அதன் கையிற் கொடுத்துவிட்டது. 1848இல் லெம்பர்க்கிற் கூடிய உயர் உருத்தேனிய மன்றம், கலீசியாவைக் கிழக்கு மேற்காகப் பிரிக்கவேண்டும் என்று கேட்டது. அக்கோரிக்கை கைகூடவில்லை. 1867க்குப் பின்னர் அவர்களுடைய முறைப்பாடு வியன்னாவை விடுத்து லெம்பர்க்கின் மாநிலச் சபையை நோக்கித் திரும்பிற்று. 1902இற் கிழக்குக் கலீசியாவின் வயல்களிற் பெருவேலைநிறுத்தம் நடந்தது. 1908இல் ஆளுநர் ஆந்திரே பொத்தொத்ஸ்கியை உக்ரேனிய மாணவர் ஒருவர் சுட்டுக் கொன்றார். பெயரைப் பற்றிய சிரிப்பில் இவர்கள் கலந்துகொள்ளாமைக்குக் காரணம் நகைச்சுவை உணர்வு இன்மையன்று. வெறுவயிறு அவர்களுக்கும் இருந்தது. ஆனால் சிலேடையிற் சிதைக்கப்பட்ட பெயர் அவர்களுடையது.

1918ஆம் ஆண்டு நவம்பரில் ஹாப்ஸ்பர்க் பேரரசு சிதைந்தது. லெம்பர்க்கில், அதாவது போலிஷ் வழக்கில் லுவோவிலும் உக்ரேனிய வழக்கில் லிவிவிலும், உக்ரேனியர் தம் குடியரசை அறிவித்தனர், போலந்துக்காரர் எதிர்த்தெழுந்தனர், 1919இற் கிழக்குக் கலீசியா முழுவதும் போலந்துப் படையின் வசமாயிற்று. 1923ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆந் தேதி நேச நாடுகளின் தூதர் மன்றம் அதனைப் போலந்தின் ஆட்சிக்குரியதென ஏற்றது. விடுதலை பெற்ற போலந்து, கலீசியா என்னும் பெயரைத் தன் நிருவாகத்திலிருந்து அகற்றியதில் வியப்பில்லை. ஆனால் கிழக்குப் பாதிக்கு அது தேர்ந்த பெயர் ‘மாலொபொல்ஸ்கா விஸ்கோத்னியா’, அதாவது கிழக்குச் சிறு போலந்து. ஹாலிச் நாடு சிறு போலந்தின் பகுதி என்பதற்குப் பழைய போலந்து முடியாட்சியின் நிருவாகப் பிரிவுகள் ஆதாரமாகக் காட்டப்பட்டன. கவுனிற்ஸ் கோமகனின் எழுத்தர்கள் இம்முறையை நன்கு அறிந்திருப்பர்.

உக்ரேனியர் அப்பெயரை ஏற்கவில்லை. தம் நாட்டை ஹாலிச்சினா என்றே வழங்கி வந்தனர். 1941இல் நாசி ஜெர்மனி அதே நிலத்தைக் கைப்பற்றிக் ‘கலீசிய மாவட்டம்’ என்று மீண்டும் பெயரிட்டு, அங்கு வாழ்ந்த யூதரை இலட்சக்கணக்கிற் கொன்று குவித்தது. போருக்குப் பின் எல்லை நாட்டின் குறுக்கே விழுந்தது. மேற்குப் பாதி போலந்திலும் கிழக்குப் பாதி உக்ரேனிலும் இன்று அமைந்துள்ளன. கிராக்கோவின் சிற்றுண்டிச்சாலைகள் சிலவற்றில் இப்பொழுது பேரரசர் பிரான்ஸ் யோசேப்பின் படம் தொங்குகிறது. கலீசியா என்னும் சொல் உணவுப் பட்டியல்களில் நல்ல விலைக்குப் போகிறது.